துரைக்குப் பிடிக்கவில்லையாம்

நாய் வளர்ப்பவர்களில் ஓர் இனம் உண்டு. இவர்களுக்குப் பசிக்காது, குளிராது, கோபம் வராது, எதன்மேலும் ஆசை கிடையாது. எல்லாம் இவர்களுடைய நாய்க்குத்தான். இவர்கள் வெறும் மொழிபெயர்ப்பாளர்கள். இந்த இனத்தை முழு உருவில் பார்க்க வேண்டுமானால், பெருநகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், வயல்களுக்கு நடுவே, 'நாய்களும் வரலாம்' என்று பலகை மாட்டியிருக்கும் ஓட்டல் எதற்காவது ஒரு சனிக்கிழமை போய் நின்றால் போதும்.

நம்முடைய பல் டாக்டர் அப்படித்தான் வந்து இறங்கினார். கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் கன்றுக்குட்டி கணக்காய்த் துரை. பின்னால் மனைவி. வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடம், "வலிக்குதா? வலிக்கல!" என்று தாமே கேட்டுத் தாமே சொல்லிக்கொள்வது அவர் தொழில். அப்படிப்பட்டவருக்கு நாய் சார்பில் பேசுவது ஒரு பெரிய வித்தையா?

"மாடி ரூமா? துரைக்கு ஆகாதும்மா. மூட்டு வலி" என்றார் வரவேற்பில் இருந்த பெண்ணிடம், தம் முழங்காலைத் தடவிக்கொண்டே. துரை அதற்குள் மாடிக்கு ஓடி, இறங்கி, மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது.

"நல்லா ஏறுதே சார்?"

"வெளிய காட்டிக்க மாட்டான்."

கீழ் அறை கிடைத்தது. கிடைத்த அறையில் தலையணை துரைக்கு உயரம், சாப்பாட்டுக் கூடத்தில் சூப் துரைக்கு உப்புக் குறைவு, பக்கத்து மேசைக்காரர் போட்ட சத்தம் துரையின் நரம்புகளுக்கு ஆகவே ஆகாது. துரையோ அந்தப் பக்கத்து மேசைக்காரரின் செருப்பின்மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

நாம் சிரிக்கலாம். டாக்டர் சிரிக்கும் நிலையில் இல்லை. மனைவிக்கு வங்கியில் மேலாளர் பதவி கிடைத்து, உடன் வேலை செய்பவர்கள் வீடு தேடி வாழ்த்த வந்த அன்று, "சீனியாரிட்டிதானே! காத்திருந்தா நாற்காலிக்குக்கூடக் கொடுப்பாங்க" என்று ஒரு நகைச்சுவை செய்தார் மனிதர். சிரித்தவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து அம்மாள் அவரோடு நேரில் பேசுவதில்லை. பேச்செல்லாம் துரை வழியாக.

"துரை, சாப்பிடும்போது போனை நோண்ட வேண்டாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"வெச்சாச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுடா."

நடுவில் உட்கார்ந்து துரை இரண்டு பக்கமும் வாலை ஆட்டும்.

வீடு திரும்புவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். இவ்வளவு தூரம் வந்ததே அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டிகளைக் கட்டிவிட்டுப் புல்வெளியில் உட்கார்ந்திருந்தபோது, டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"துரை ரொம்ப வருத்தத்துல இருக்கான்."

அம்மாள் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு நினைக்கறான்."

"துரை அன்னைக்கு ஒண்ணுமே சொல்லலையே. கட்டிலுக்கு அடியில தூங்கிட்டில்ல இருந்தான்?"

அந்த நேரம் பார்த்தா சமையல்காரர் எலும்புக் கிண்ணத்தோடு கொல்லைக் கதவைத் திறக்க வேண்டும்? சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் போயே போய்விட்டது துரை. மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், மூலத்தைக் காணோம்.

டாக்டர் வெறுங்கையைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல. வாயை நல்லாத் தொறந்து சொல்லுங்க."

எத்தனை பேரிடம் அவர் சொன்ன வசனம்! திறந்தார்.

"நான்தான் தப்பாப் பேசிட்டேன். நீ உழைச்சு வாங்கின பதவி. எனக்குப் பொறாமை."

அம்மாள் பத்திரிகையை மடித்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நல்லது. எழுந்திருங்க, அந்தத் தடியனைப் போய்ப் பிடிப்போம்."

இத்தோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? கிளம்பும்போது வரவேற்புப் பெண், "எல்லாம் வசதியா இருந்துச்சா சார்?" என்று கேட்டாள். "துரைக்கு ரொம்பப் பிடிச்சுதும்மா" என்றார்.

நம் வீட்டில்தான் நாயே இல்லையே என்று சாய்ந்து உட்காராதீர்கள். போன வாரம், "குழந்தைக்குத் தூக்கம் வருது" என்று விருந்திலிருந்து பாதியில் கிளம்பி வந்தது யார்? இன்னும் கொஞ்சம் விளையாட வேண்டும் என்று அந்தக் குழந்தை வாசல்வரை அழுததே! போகட்டும். இதைப் படித்து முடித்ததும், "எங்க மச்சானுக்குன்னே எழுதினது" என்று யாரிடமாவது நீட்டத்தான் போகிறீர்கள்.

மச்சானுக்கு வால் ஒன்றுதான் குறை.