பிந்தி ஊதிய சங்கு

டம்!

மேளத்தின் மேல் இசக்கிசெல்வியின் உள்ளங்கை விழுந்துவிட்டது. சங்கு ஊதிய பிறகும்!

"திருட்டுக் கை! நிக்கல பாத்தியளா?" என்று துள்ளினார் சங்குச் சித்தர் ஆவுடையப்பன். தூத்துக்குடி முழுக்க அவர் போஸ்டர்தான். பந்தலில் இருநூறு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சோதனை எளிது. மணி அடித்தால் உடனே மேளத்தைத் தட்ட வேண்டும். சங்கு கேட்டால் கையை நிறுத்த வேண்டும். நல்லவர் கை நிற்குமாம். திருடன் கையை உள்ளேயிருக்கும் பேய் தள்ளிவிடுமாம். பேய்க்கு வேறு சோலி கிடையாது பாருங்கள்!

"நாளையிலருந்து கடைக்கு வராத. இனி போலீசு பேசும்" என்றார் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. அவருடைய கடையில் மூன்று நாளாக ஒரு பெரிய முத்தைக் காணோம். யார் மேல் சந்தேகம் என்று சித்தர் நேற்றே அவரிடம் கேட்டு வைத்துக்கொண்டார். காணிக்கையையும் நேற்றே வாங்கிவிட்டார். ஞான திருஷ்டிக்கு இவ்வளவு போதாதா?

செல்வி அழவில்லை. பதினோரு வருஷமாக அவர் கடை மெஷினில் முத்துக்குத் துளை போடுகிறவள். 'அழுத்து' என்று மூளை விரலுக்கு உத்தரவு போட்டுவிட்டால், 'வேண்டாம்' என்ற அடுத்த உத்தரவு பின்னாலேயே ஓடி அதைப் பிடிக்க வேண்டும். பிந்திக் கிளம்பினால் முத்து தெறித்துவிடும். இதில் பேய் எங்கே வந்தது?

இவளுக்கு முன்னால் தட்ட வந்த கவுன்சிலர் மச்சானுக்குச் சித்தர் மணி அடித்த கையோடு சங்கு ஊதினார், மச்சான் உத்தமராகிவிட்டார். இவளுக்கோ, கை பாதி வழி இறங்கிய பிறகுதான் சங்கு!

"சாமி, ஒரு தடவ நீங்க தட்டுங்க. மணியும் சங்கும் நான்."

"ஏளா, என்னையவே சோதிக்கியா?"

"உங்க உள்ளதான் பேய் கெடையாதுல்லா? பொறவு என்ன பயம்?"

"தட்டும் சாமி!" கூட்டம் சிரித்தது.

மணி. உடனே சங்கு. சித்தர் கை நின்றது. ஆரவாரம்!

மறுபடி மணி. கை கிளம்பி இறங்கும்வரை பார்த்திருந்து ஊதினாள். டம்!

அடுத்த மணிக்குச் சித்தர் சங்கு வரட்டும் என்று கையைத் தூக்கவே இல்லை. "உடனே தட்டணும் சாமி, நீங்க போட்ட சட்டம்லா?" என்றாள். மணி. டம்! மணி. டம்!

"அப்போ சாமியும் களவாணிதானா வே?" என்றது ஒரு குரல். சித்தர் செருப்பைத் தேடினார்.

அண்ணாச்சி சட்டைப் பையைப் பொத்திக்கொண்டதைச் செல்வி பார்த்துவிட்டாள். "முத்து எங்கன அண்ணாச்சி?"

அண்ணாச்சி மெல்ல பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே முத்து மினுங்கியது.

"காலையிலயே இதுக்குள்ள கெடந்துச்சு... சாமிகிட்ட நேரம் வாங்கியாச்சு, வராம இருந்தா தெய்வக் குத்தம்லா?"

"காணாமலே போகாத முத்துக்குத் திருடியக் கண்டுபிடிச்சிருக்காரு!" செல்வி சங்கை அண்ணாச்சி கையில் வைத்தாள். "இனிமேலாவது மொதல்ல மூளைக்கு மணி அடிங்க அண்ணாச்சி!"