கும்பிடாமல் ஓடிய வாஷிங் மெஷின்

இனிமேல் இந்த வீட்டில் நிரூபிக்காத எதற்கும் இடமில்லை என்று இயற்பியல் வாத்தியார் காலையிலேயே அறிவித்துவிட்டார். காரணம், வாஷிங் மெஷின். பழசு. சில நாள் பாதியில் முக்கி முனகி நின்றுவிடும். அதனால் அவர் மனைவி கண்ணை மூடி, "கடவுளே, காப்பாத்து" என்று கும்பிட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள்.

வாத்தியாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அதை ஓட்டறது மோட்டார்டி!"

"மோட்டாரை நீங்க பாத்திருக்கீங்களா?"

"அது உள்ளே இருக்கு."

"கடவுளும் அப்படித்தான்."

அவளோ காப்பீட்டு முகவர். வேண்டாம் என்று சொல்ல வந்தவர்களையே கையெழுத்துப் போட வைத்து அனுப்புகிறவள். அந்த நேரத்தில் வாத்தியாருக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"டாக்டர் கொடுத்த மாத்திரையில என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா அவர் படிச்சவர்."

"நீங்க டாக்டரை நம்பறீங்க, நான் கடவுளை நம்பறேன். ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா?" வாத்தியார் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "டாக்டர் சொல்றது தப்புன்னா இன்னொருத்தர் சரிபாத்துச் சொல்லிடுவார். அறிவியல்ல கண்ணை மூடிட்டு நம்ப வேண்டாம். செஞ்சு பாக்கலாம்!"

"அப்ப செஞ்சு பாருங்க. கும்பிடாம ஓட்டுங்க."

ஓட்டினார். ஓடியது!

"நான் பக்கத்துல நின்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேனே."

நியாயம்தான். சோதனை சுத்தமாக இருக்க வேண்டாமா? "நீ வீட்லயே இருக்கக் கூடாது" என்று அவரே உத்தரவு போட்டார். அவள் மறுபேச்சில்லாமல் தங்கையோடு சினிமாவுக்குப் போனாள். மெஷின் அப்போதும் ஓடியது.

"ஒரு தடவை ஓடினா தற்செயலுங்க. திரும்பத் திரும்ப ஓடினாத்தானே அறிவியல்?"

வாத்தியார் பூரித்துப்போனார். வகுப்பில் தொண்டை வறளக் கத்தியும் ஒருத்தனுக்கும் ஏறாத விஷயம், பெண்டாட்டிக்கு ஏறிவிட்டது! போர்வை துவைத்தார். திரைச்சீலை துவைத்தார். கால்மிதியைக்கூட விடவில்லை. ஈரப் பனியனோடு, வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு, மொட்டை மாடியில் அறிவியலை வளர்த்தார்.

மாதக் கடைசியில் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், அவரையே. "ஒத்துக்கிறேங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நாளையிலேர்ந்து நீயே துவைக்கலாம்."

"அதெப்படிங்க? இன்னொருத்தரும் சரிபாக்கணுமே!"

அவள் கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பெரிய அழுக்குமூட்டையோடு வாசலில் நின்றாள்.

"இவங்களுக்கு இன்னும் சந்தேகமாம். இஸ்திரியும் போட்டுக் கொடுத்தாத்தான் நம்புவாங்களாம்."