லியோனிக்கு நான் காட்டிய சுரங்கம்

என் மனைவி லியோனிக்கு எங்கள் நாட்டின் இரும்புப் பெருமையைச் சுற்றிக் காட்டியே தீருவது என்று ஒரு வியாழக்கிழமை சபதம் எடுத்தேன். உலைகள், சுரங்கங்கள், துருப்பிடித்த தண்டவாளங்கள், ஒன்று விடாமல். லக்சம்பர்க் சின்ன நாடு. காலையில் கிளம்பினால் மாலைக்குள் பாதிப் பெருமையைப் பார்த்து முடித்துவிடலாம். ஒரு கணவன் உள்நோக்கம் இல்லாமல் இப்படிச் சபதம் எடுப்பான் என்று யாராவது நம்பினால், அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

எனக்கும் இரும்புக்கும் உள்ள சம்பந்தம் டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையோடு சரி. எஷ் நகரில் பிறந்து வளர்ந்தவன்தான். எங்கள் தெருவில் பாதிப் பேர் மலையைக் குடைந்தார்கள், மீதிப் பேர் இரும்பை உருக்கினார்கள். நான் இன்சூரன்ஸ் ஆபீசில் நாற்காலியைத் தேய்த்தேன்.

உண்மைக் காரணம் கேலன். ஒன்பது மரக்கட்டைகளை நிறுத்தி வைத்துத் தூரத்திலிருந்து உருண்டையை உருட்டிச் சாய்க்கிற ஆட்டம். பீர்க்கடைக்குப் பின்னால் நீளமாக ஒரு கொட்டகை இருந்தால் அதுதான் கேலன் கூடம். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, மலைக்கு அந்தப் பக்கம் மெட்டியின் கடையில் இறுதி ஆட்டம். எங்கள் அணியில் நாலு பேர். கடைசி உருட்டு என்னுடையது. ஜெயித்தால் புகைபோட்ட பன்றித்தொடை ஒன்று, முழுசாக.

ஆனால் எங்கள் வீட்டில் கேலனுக்குத் தடை. போன வருஷம் ஒரு ஆட்டத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் கொஞ்சம் பீர் அதிகமாகி, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் சோபாவில் ஷூவோடு படுத்துத் தூங்கிவிட்டேன். அவர்கள் நல்ல மனிதர்கள், போர்வை போர்த்திவிட்டார்கள். லியோனி அவ்வளவு நல்லவள் இல்லை. அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் வேலை செய்யும் என்பதால் எனக்கே மரியாதை வந்தது. ரோட்பெர்க் சுரங்கம் எங்கள் பக்கம் தொடங்கி, மலையைத் துளைத்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் மெட்டியின் கடைக்கு அருகில் வாய் திறக்கிறது. உள்ளே குட்டி ரயில் ஓடுகிறது. லியோனியை இந்த வாயில் உட்கார வைப்பேன். நான் அந்த வாயில் வெளியேறிக் கடைசி உருட்டை உருட்டிவிட்டு, அடுத்த ரயிலில் முகத்தில் சிவப்புத் தூசியோடு திரும்பி வருவேன். இதை நினைத்து ஆபீசில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அன்று இரவு பீன்ஸ் சூப்புக்கு நடுவே பேச்செடுத்தேன்.

"லியோனி, இந்த வாரக் கடைசி மினெட்டைப் பாக்கப் போலாமா?"

கரண்டி பாதி வழியில் நின்றது. "எந்த மினெட்டு?"

எங்கள் சிவப்புத் தாது மண்ணுக்கு மினெட் என்று பெயர். பிரெஞ்சில் அதே சொல்லுக்குப் பூனைக்குட்டி என்று அர்த்தம். பெண்களைக் கொஞ்சிக் கூப்பிடவும் ஆகும்.

"மண்ணு மினெட்டும்மா. மண்ணு!"

"அதானே பாத்தேன். வேற எந்த மினெட்டும் உங்களைத் திரும்பிக்கூடப் பாக்காது."

"பழைய உலை, சுரங்கம் எல்லாம் சுத்திப் பாப்போம். பஸ், ரயில் எல்லாம் இலவசம்."

"பக்கத்து வீட்டுக்காரங்க போர்ச்சுகல் போய்க் கடலைப் பாத்துட்டு வந்தாங்க. நீங்க எனக்குத் துருவைக் காட்டுறீங்க."

"துரு இல்ல லியோனி. பாரம்பரியம்!"

"துருவுக்கு வயசானா அந்தப் பேரா? அப்ப உங்களையும் அப்படியே கூப்பிடலாம்."

"வர்றியா, மாட்டியா?"

"வரேங்க. ஞாயித்துக்கிழமையும் உண்டுதானே?"

"உண்டு, உண்டு. ஞாயிறுதான் முக்கியம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றாள் லியோனி. சட்டென்று சம்மதித்துவிட்டாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் என் மூளைக்கு அன்றைய வேலை நேரம் முடிந்திருந்தது.

சனிக்கிழமை பெல்வால் உலைக்குப் போனோம். உருக்காலையைக் காட்டி அவள் மனதைக் கொஞ்சம் உருக்கிவிடலாம் என்று எனக்கு நினைப்பு. உலையின் உச்சிக்குப் படிகள் போய்க்கொண்டே இருந்தன. லியோனி ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினாள். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பாரம்பரியத்தை ரசிப்பதுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, இந்த உலை அணைஞ்சு ரொம்ப நாளாச்சாமே. உங்ககிட்ட இருந்து மட்டும் ஏன் புகை வருது?"

"காத்து... நல்லா இருக்குன்னு... இழுத்துப் பாக்கறேன்."

மத்தியானம் துதெலாஞ்சில் ஒரு தண்ணீர்க் கோபுரம். அதற்கும் படிகள்தான். எங்கள் முன்னோர்கள் தரையிலேயே எதையும் கட்ட மாட்டார்கள் போலிருக்கிறது. அன்று இரவு லியோனி யாருக்கோ போன் பண்ணி வெகுநேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு பன்றித்தொடையைப் பற்றி யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பாடு முடிந்த கையோடு சுரங்கத்தின் வாயில் போய் நின்றோம். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தை எடுத்துவிட்டேன்.

"ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன் லியோனி. சுரங்கத்துக்குள்ள பொம்பளைங்க போகக் கூடாது. காலடி பட்டா பாறை சரியும்னு ஒரு நம்பிக்கை. தொழிலாளிங்க வழக்கம். நாம மதிக்கணும், இல்லையா?"

சொல்லி வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து தலையில் ஹெல்மெட்டும் உடம்பெல்லாம் சிவப்புத் தூசியுமாக ஒரு அம்மாள் வந்து கையை நீட்டினாள். "வாங்க சார்! நான் ஜோசியான். நான்தான் உங்களை உள்ள கூட்டிட்டுப் போகப் போறேன்."

லியோனி அவளைப் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"இவங்க?"

"இவங்க... பாறைக்குப் பழகிட்டாங்க."

"சரிங்க. எனக்கும் பாறைக்கும் எதுக்குப் புதுப் பழக்கம்? நான் இங்கயே பெஞ்சில உக்காந்து ஸ்வெட்டர் பின்னிட்டிருக்கேன். நீங்க நிதானமாப் பாத்துட்டு வாங்க." அந்த 'நிதானமா'வை அவள் கொஞ்சம் நிதானமாகவே சொன்னாள்.

ஜோசியான். பெயரிலேயே ஜோசியம் இருந்தது. என் கிரகநிலைதான் எனக்குப் புரியவில்லை. அவள் ஒரு பித்தளை வில்லையை என் கையில் கொடுத்தாள்.

"இதை அந்தப் பலகையில மாட்டுங்க சார். வெளிய வந்ததும் நீங்களே கழட்டணும். வில்லை தொங்கினா ஆள் உள்ள மாட்டிக்கிட்டான்னு அர்த்தம். மொத்த ஊரும் விளக்கை எடுத்துட்டுத் தேட வந்துடும்."

"நான் ரயில்ல போய் அந்தப் பக்கமா இறங்கிக்கலாம்னு..."

"ரயில் சாதாரண ஆளுங்களுக்கு சார். உங்களுக்கு ஸ்பெஷல். நடை."

"எனக்கு எதுக்கும்மா ஸ்பெஷல்?"

"வீட்டம்மா நேத்து ராத்திரி போன்ல எல்லாம் சொன்னாங்க. தூக்கத்துலகூட இரும்பு, இரும்புன்னு புலம்புவீங்களாமே! உங்களை மாதிரி ஒருத்தருக்காகத்தான் இத்தனை வருஷமாக் காத்திருந்தேன்."

உள்ளே போனோம். குளிர், ஈரம், இருட்டு. ஜோசியான் ஒவ்வொரு பாறைக்கும் என்னை அறிமுகப்படுத்தினாள். சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு பொறுமையாக உறவு சொல்ல மாட்டார்கள். என் கடிகாரம் மட்டும் அவசரமாக ஓடியது.

"ஜோசியான், எனக்கு வயிறு ஒரு மாதிரி..."

"வயித்துலதான் ஆரம்பிப்பீங்கன்னு வீட்டம்மா சொன்னாங்க! கூச்ச சுபாவமாமே. எனக்குச் சிரமம் வேணாம்னு பொய் சொல்லுவீங்களாம். எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு!"

"இல்லம்மா, நெஜமாவே..."

"அடுத்தது மூச்சு முட்டுதும்பீங்களாம்."

மூச்சு முட்டியது. ஆனால் அதைச் சொல்லும் உரிமையை லியோனி முன்கூட்டியே பறித்துவிட்டாள்.

துளைபோடும் இயந்திரத்தைத் தூக்கி என் தோளில் வைத்தாள். ஒரு தள்ளுவண்டி நிறைய மண்ணை அள்ளிப் போட வைத்தாள். பிறகு நீளமான கம்பி ஒன்றைக் கொடுத்துக் கூரையைத் தட்டச் சொன்னாள். உறுதியான பாறை கணீரென்று கேட்குமாம், சரியப் போகிற பாறை பொத்தென்று கேட்குமாம். நான் தட்டினேன். எனக்கு எல்லாமே பொத்தென்றுதான் கேட்டது.

"காதைக் கொடுத்துக் கேளுங்க சார். மறுபடி தட்டுங்க."

அப்போதுதான் பாதை ஒரு பக்கம் திரும்பியது. அதன் கடைசியில் வெளிச்சம்! அந்தப் பக்கத்து வாய்! அங்கிருந்து கட்டைகள் சாயும் சத்தமும் ஜனங்களின் கூச்சலும் காற்றில் வந்தன. என் ஆட்டம் நான் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. கம்பியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"வில்லை சார், வில்லை!" என்று கத்தினாள் ஜோசியான்.

நின்றேன். மொத்த ஊரும் என்னைத் தேடக் கிளம்பினால் முதலில் எங்கே வந்து தேடும்? மெட்டியின் கடையில்தான். விளக்குகளுக்கு முன்னால் லியோனி வருவாள். திரும்பி நடந்தேன்.

வெளியே வந்து வில்லையைக் கழற்றினால் பெஞ்சு காலியாக இருந்தது. ஸ்வெட்டரும் இல்லை, லியோனியும் இல்லை.

"வீட்டம்மா அப்பவே பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டாங்களே," என்றாள் ஜோசியான். "உங்களுக்கு ஏதோ வேலை இருந்துதாம். அதை அவங்களே முடிச்சுடறேன்னு சொன்னாங்க."

மலையைச் சுற்றிப் போகிற அடுத்த பஸ்ஸில் ஏறினேன். தலை முதல் கால் வரை சிவப்பு மண். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய் நின்றுகொண்டார். மெட்டியின் கூடத்துக்குள் பாய்ந்தபோது அங்கே பெரிய அமைதி. என் பெயர் போட்ட அணிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையை மடித்துவிட்டு, உருண்டையோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தது. லியோனி!

கடைசி உருட்டு. ஒன்பதும் சாய்ந்தால்தான் பன்றித்தொடை எங்களுக்கு. சாயக் கூடாது என்று என் மனசில் பாதி வேண்டிக்கொண்டது. சாய வேண்டும் என்று மீதி வேண்டிக்கொண்டது. பன்றித்தொடைப் பாதிதான் ஜெயித்தது. உருண்டை போயிற்று. ஒன்பதும் சாய்ந்தன. கூடமே எழுந்து குதித்தது. நானும் குதித்தேன், வெட்கமே இல்லாமல்.

மெட்டி என்னைப் பிடித்துக்கொண்டான். "டேய் அலோய்ஸ், எங்கடா போய்ப் புரண்டுட்டு வர்ற?"

"அவ எப்படிடா ஆடலாம்? அணியில இருக்கறது நான்!"

"நம்ம சங்கத்துல ஆள் கணக்கு ஏதுடா, வீட்டுக் கணக்குதானே? வீட்டுல யாரு வந்தாலும் செல்லும். விதியே நீதானடா எழுதின!"

"இன்னிக்கு ஆட்டம்னு அவளுக்கு யாருடா சொன்னது?"

"நான்தான். வியாழக்கிழமை காலையில போன் பண்ணேன். நீ குளிச்சிட்டிருந்தியாம். ஞாயிறு மூணு மணி, மறக்காம வரச் சொல்லுங்கன்னேன். சொல்லலையா?"

"சொல்லல."

"அவங்க அப்பா பீர்க்கடையோட கேலன் கூடத்துல உருட்டிப் பழகின கைடா அது. உங்க கல்யாணத்துக்கு முன்னாடி அவங்களை ஜெயிச்ச ஆம்பளை இந்தப் பக்கத்துலயே கிடையாது. நீதான் அவங்க அங்க கிளாஸ் கழுவிட்டிருந்தாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்ச."

சுருக்கென்றது. லியோனி பன்றித்தொடையைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கூடவே, சொல்லக் கூடாதுதான், பெருமையும் வந்தது.

"சுரங்கம் எப்படிங்க இருந்துச்சு? பாறை ஏதும் சரிஞ்சுதா?"

"என் தலையில மட்டும் சரிஞ்சுது."

"அச்சச்சோ. சரி, விடுங்க. இன்னியோட கேலனுக்கு நம்ம வீட்டுல தடை இல்ல. இனிமே ஞாயித்துக்கிழமை தவறாம நீங்களும் வரணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நெஜமாவா லியோனி?"

"பின்ன? நான் சாய்க்கிற கட்டையெல்லாம் எடுத்து நிறுத்த ஒரு ஆள் வேணாமா?"