பசங்களுக்கு இரும்புச் சத்து

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருவில், எண்பதுகளின் கடைசியில் ஒருவர் காலில்கூட ஆணி குத்தியதில்லை. அந்தப் புகழ் நகராட்சிக்குச் சேராது; டிரம் அண்ணாத்தே ஒருவருக்கே சேரும். கண்ணில் படும் இரும்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்.

அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனை எடுத்து நடத்தியவர். எங்கள் காம்பவுண்டில் அடுத்த போர்ஷன். நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவன். ஒருநாள், வடித்த கஞ்சியை ஊற்றி அவர் மூடிவைத்திருந்த டிரம்மின் மூடி டப்பென்று பறந்து துணிக்கொடியில் மோதியது.

"சார்! கஞ்சிக்குள்ள பேய் கீதா சார்?"

"பேய் இல்லீங்க, கிருமி. கஞ்சியைத் தின்னுட்டு ஹைட்ரஜன் விடுது. நல்லா எரியுற வாயு" என்றேன்.

அந்தப் பேச்சோடு காம்பவுண்டின் நிம்மதி போயிற்று. கேன்டீன் அடுப்பையே கஞ்சி கேஸில் எரிக்கப்போவதாக அன்றைக்கே தெருவெல்லாம் அறிவித்துவிட்டார். ஒரு டிரம் நான்காயிற்று. கிருமிகளுக்குப் 'பசங்க' என்று பெயர். "பசங்க இன்னிக்கு சோம்பேறியா கீறாங்க சார்" என்று பல் துலக்கியபடியே அறிக்கை வாசிப்பார்.

சோம்பலுக்கு மருந்தும் கண்டுபிடித்தார். "ஊட்டுக்காரி முழுவாம இருந்தப்ப டாக்டரு இரும்பு மாத்திரை குடுத்தாரு இல்ல? பசங்களுக்கும் ரத்தம் ஊற வாணாமா?"

கிருமிக்கு ஏது ரத்தம் என்று சிரித்தேன். ஆனால் ஹைட்ரஜன் உண்டாக்கும் நொதிக்கு இரும்பு தேவை என்பது உண்மை. வழி தப்பினாலும் மனிதர் சரியான ஊரில்தான் போய் இறங்கியிருந்தார்.

முதலில் ஆணி போட்டார். பிறகு லேத்துப் பட்டறைத் தூள். கடைசியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, சைக்கிளுக்குப் பின்னால் மணலில் இழுத்துக்கொண்டு போனார். காந்தம் முழுக்கக் கருமணல் மயிர்க்கால்போல் சிலிர்த்து நிற்கும்.

"இன்னா அண்ணாத்தே, நாய்க்குட்டிய இஸ்துகினு போறியா?" என்று டீக்கடையிலிருந்து கத்துவார்கள்.

"சிரிங்கடா! நாளிக்கு இந்த டீயே என் கேஸுல கொதிக்கும்!"

ஒரு பிடி கருமணல் போட்ட டிரம் பொங்கியது பாருங்கள்! காதை வைத்தால் ஓட்டின்மேல் மழை பெய்கிற சத்தம். உற்சாகத்தில் அரை வாளி கொட்டினார். குமிழி அடங்கிப்போயிற்று. "அஜீரணம் சார்" என்று மறுபடி ஒரு பிடிக்கே வந்தார்.

நெருப்பு வைத்துச் சோதிக்க நான் விடவில்லை. பலூனில் அடைத்து, அது பறந்தால் ஒப்புக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். புளித்த நாற்றத்தில் வெந்துபோயிருந்த, காம்பவுண்டுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஞாயித்துக்கெழம பறக்கணும். பறக்காங்காட்டி டிரம்மெல்லாம் ஏரியில!"

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வாயுவில் பெரும்பங்கு கரியமில வாயு. சுண்ணாம்புக் கரைசலில் விட்டு அதை நீக்காமல் பலூன் எழும்பாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எனக்கும் அந்த நாற்றம் போனால் போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டது. அண்ணாத்தே வெள்ளை வேட்டி கட்டி, கேஸ் நிரப்பிய லாரி டியூபின்மேல் ஊர்வல மாப்பிள்ளையாக உட்கார்ந்து அழுத்தினார். டியூபின் வாயில் மாட்டியிருந்த சிவப்புப் பலூன் பூசணிக்காயாக உப்பியது. விட்டார். நேராக வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது.

தெரு சிரித்தது. அவர் பலூனைத் தூக்கி, முதுகில் தட்டிக்கொடுத்து, மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது.

"பசங்க மேல தப்பில்ல. நான்தான் அதுங்களுக்கு இன்னாவோ கொறை வெச்சிட்டேன்."

அதற்குமேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "சுண்ணாம்பு!" என்று கத்தினேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கரைத்து வைத்திருந்ததை ஒரு கேனில் ஊற்றி, இரண்டு குழாய் செருகி, டியூபுக்கும் புதுப் பலூனுக்கும் நடுவில் வைத்தேன். "உக்காருங்க அண்ணாத்தே!"

இந்தப் பலூன் மெதுவாகத்தான் உப்பியது. விட்டார். தயங்கியது. துணிக்கொடியைத் தாண்டியது. ஓட்டுக் கூரையையும் தாண்டியது!

"போறாங்க பாரு! என் பசங்க போறாங்க!" என்று அவர் குதித்ததில் வேட்டி அவிழ்ந்தது. வீட்டுக்காரம்மாவே கைதட்டிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் அண்ணாத்தே கேட்டார்: "சுண்ணாம்பு மேட்டரு மின்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்."

காந்தத்தில் ஒட்டியிருந்த கருமணலை வழித்து டிரம்மில் போட்டார். "சரி, வுடு சார். பசங்களுக்கு வாத்தியாரு இல்லியேன்னு இருந்திச்சி. லேட்டானாலும் வந்துட்ட இல்ல?"

கேன்டீன் அடுப்பு அந்த கேஸில் எரியவே இல்லை. தொண்ணூறுகளில் அவர் சேக்காட்டுப் பக்கம் வீடு மாறினார். டிரம்களும் கூடவே போயின.

இன்றைக்கும் சாலையோர மணலில் கருப்பாக ஏதாவது மின்னினால், குனிந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். பசங்களுக்குத்தான்.