எதுக்கக்காவும் ‘வேண்டாம்’ பட்டனும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் உள்ள எந்தக் கடையிலும் மொபைல் நம்பரைச் சொல்லாமல் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஒரே பிறவி எங்கள் எதுக்கக்காதான். அவருக்கு வேறு பெயர் உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர அதை யாரும் உபயோகித்ததில்லை.

ஒருமுறை நானும் கூட இருந்தேன். பில் போடுகிற பெண் நம்பர் கேட்டாள்.

“எதுக்கும்மா?”

“சிஸ்டம் கேக்குதுக்கா. இல்லாங்காட்டி பில்லு வராது.”

“சிஸ்டத்தைக் கூப்பிடு. நான் பேசிக்கறேன்.”

வரிசை வாசலைத் தொட்டது. பின்னால் நின்ற ஒருவர், “என் நம்பரப் போட்டுக்கினு அந்தம்மாவ அனுப்பும்மா, பேஜாரா கீது” என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பி, “நீங்க எதுக்கு சார் உங்க நம்பரைக் கொடுக்கறீங்க?” என்று ஆரம்பித்துவிட்டார். கடைசியில் கடை மேனேஜர் ஓடி வந்து, தன் நம்பரைப் போட்டு எங்களை வழியனுப்பினார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. மற்றவர்களுக்கு வலைத்தளம் செய்து கொடுப்போம். நான் அதில் எழுத்து வேலை. அக்கா டெஸ்டர், அதாவது செய்தது ஓடுகிறதா என்று பார்ப்பவர். சிட்லபாக்கத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வருவார். பக்கத்து மேஜைப் பேனாவை எடுப்பதற்குக்கூட உத்தரவு கேட்பார். ஆள் இல்லையென்றால் வரும்வரை காத்திருப்பார்.

குழந்தைப்பேறு சிகிச்சை செய்யும் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தளம் செய்தோம். திறந்ததும் கீழே ஒரு பட்டை வரும். ‘குக்கிகளை ஏற்கிறீர்களா?’ என்று கேட்கும். நாம் வந்துபோனதை நினைவில் வைத்துக்கொள்ள, தளம் நம் போனிலோ கம்ப்யூட்டரிலோ போட்டுவைக்கும் குறிப்புதான் குக்கி. சில குக்கிகள் விளம்பரக்காரர்களுக்கு நம்மை அடையாளம் காட்டும். அது பிடிக்காதவர்களுக்காகவே ‘வேண்டாம்’ என்று ஒரு பட்டன்.

எங்களிடம் இருந்த பிரதியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தளம் எல்லாரும் பார்க்கும்படி வெளியே போன பிறகு அக்கா மறுபடி பார்த்தார். ‘வேண்டாம்’ அழுத்தினார். பட்டை மரியாதையாக மறைந்தது. விளம்பரக் குக்கிகளோ உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. ஆஸ்பத்திரியின் விளம்பர ஆட்கள் பிறகு எதையோ செருகியிருந்தார்கள்.

அக்கா எம்.டி.யிடம் போனார். “பட்டன் அழுந்துதில்லம்மா? பாஸ் போடுங்க” என்றார் எம்.டி.

“அழுந்துதான்னு பாக்க ஒரு பூனை போதும் சார். வேண்டாம்னு சொன்னதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு பாக்கத்தான் நான்.”

பூனைக்குச் சம்பளம் கிடையாதே என்ற யோசனை எம்.டி. முகத்தில் ஓடியதைப் பார்த்தேன்.

அதே வாரம் எங்கள் ரிசப்ஷனிஸ்ட் கிரேஸ் சாப்பாட்டு நேரத்தில் அழுதாள். கல்யாணமாகிச் சில வருஷங்கள். குழந்தை இல்லை. யாருக்கும் தெரியாமல், வீட்டிலிருந்த டேப்லெட்டில் அந்தத் தளத்தைப் பார்த்திருக்கிறாள். “நம்ம ஆபீஸ் பண்ணதுதானேன்னு நம்பி ‘வேண்டாம்’ அழுத்தினேன்க்கா.” மறுநாள் அதே டேப்லெட்டில் அவள் கொழுந்தன் கிரிக்கெட் பார்க்கும்போது, கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, ‘குழந்தை இல்லையா? கவலை வேண்டாம்’ என்று ஆஸ்பத்திரி விளம்பரம் சிரித்துக்கொண்டு வந்ததாம். திரும்பத் திரும்ப வந்ததாம். மாமியார், “யாருடி பாத்தது, உனக்குத்தான் குறையா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

அக்கா தன் டிபன் பாக்ஸை மூடினார். பிறகு, “எம்.டி.கிட்ட உன் பேரைச் சொல்லலாமா?” என்று கேட்டார்.

“வேணாம்க்கா. ப்ளீஸ்.”

“சரி.”

அடுத்த கூட்டத்துக்கு ஆஸ்பத்திரி நிர்வாகி வந்திருந்தார். அக்கா யாரும் கூப்பிடாமலே எழுந்து, பெரிய திரையில் தளத்தைத் திறந்தார். ‘வேண்டாம்’ அழுத்தினார். அடுத்து ஏதோ ஒரு சமையல் பக்கத்தைத் திறந்தார். வெண்டைக்காய்ப் பொரியலுக்கும் வத்தக்குழம்புக்கும் நடுவில் ஆஸ்பத்திரி விளம்பரம் வந்து நின்றது. இனி இவர்கள் தப்ப முடியாது என்று நினைத்தேன்.

நிர்வாகி முகம் மலர்ந்தது. “பரவாயில்லையே, உடனே வருதே” என்றார். எம்.டி. அடக்கமாகத் தலையாட்டினார்.

“வேண்டாம்னு சொன்னவங்களுக்கு வருது சார்” என்றார் அக்கா.

“இதுவரைக்கும் யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணிருக்காங்களா மேடம்?”

கிரேஸ் அப்போது அந்த அறைக்குள்தான், காபி தட்டோடு நின்றாள். அக்கா அவள் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

“அதை நான் சொல்றதுக்கில்லை சார்.”

“அப்ப யாரும் இல்ல” என்று நிர்வாகி காபியை எடுத்துக்கொண்டார்.

ஒரு பெயர் சொல்லியிருந்தால் அக்கா ஜெயித்திருப்பார். மறுநாள் எம்.டி. அவரைக் கூப்பிட்டு, கம்பெனிக்கு ஒத்துப்போகிறவர்கள்தான் தேவை என்று சொல்லி வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். தளத்திலும் ஒரு திருத்தம் செய்தார்கள். ‘ஏற்கிறேன்’ என்பதைப் பச்சையில் பெரிதாக்கினார்கள். ‘வேண்டாம்’ வெளிர்சாம்பல் நிறத்தில் எறும்பு சைஸுக்குப் போனது. வேலை சுத்தமாக முடிந்தது என்று எல்லாருக்கும் ஸ்வீட் வந்தது. என் பங்கை நானும் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

கிரேஸும் புருஷனும் தனிக்குடித்தனம் போக முடிவெடுத்தபோது, சிட்லபாக்கத்தில் வீடு பார்த்துக் கொடுத்தது அக்காதான். வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “குழந்தைங்க எத்தனை பேர்?” என்று கேட்டாராம்.

“வாடகைக்கு வர்றது ரெண்டு பேர் சார். வேற கேள்வி இருந்தா தண்ணி, கரண்ட்டைப் பத்திக் கேளுங்க” என்றாராம் அக்கா. அவர் சாவியைக் கொடுத்திருக்கிறார்.

கிரேஸைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் நிரந்தர வேலை அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறேன். மோசமாகக் காபி போடுவார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. இப்போதெல்லாம் யாராவது கேட்டால், சிட்லபாக்கத்தில் ஒரு அக்கா இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.