அலன் கீ சாமிகிட்ட இருக்கு

ஆயுத பூஜையன்னைக்குக் காலைல எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. என் பேஸ் கிடார்ல வர்ற 'ஜிர்ர்' சத்தத்தை நிறுத்தணும்.

சாயங்காலம் எங்க கம்பெனி கேன்டீன் ஷெட்ல கச்சேரி. வாசிக்கிறது எல்லாமே நம்ம ஆளுங்க. பகல்ல லைன்ல நிக்கிறவங்க, சாயங்காலம் மேடைல நிப்பாங்க.

பேஸ் கிடார் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நாலு தடிக் கம்பி. பாட்டுக்கு அடியில 'டும் டும்'னு ஏதோ கேட்டா அது நாங்க. ஒண்ணும் கேட்கலைன்னாலும் அது நாங்கதான்.

சத்தத்துக்குக் காரணம் நானே. கம்பி தாழ்வா இருந்தா விரலுக்கு சுகம்னு ஒரு வீடியோல சொன்னாங்க. கேட்டுட்டு, கம்பி வந்து உட்கார்ற இடத்துல இருக்கிற குட்டித் திருகையெல்லாம் இறக்கிட்டேன். விரலுக்கு சுகமாத்தான் இருந்துச்சு. ஆனா கம்பி மொத்தமும் தாழ்ந்து, கிடார் கழுத்துல குறுக்க பதிச்சிருக்கிற பட்டைங்க மேல உரச ஆரம்பிச்சிடுச்சு. எதைத் தொட்டாலும் டப்பாக்குள்ள வண்டு மாட்டின சத்தம்.

முந்தின நாள் ஒத்திகைல ஸ்டீபன் அண்ணன் பாட்டைப் பாதியில நிறுத்திட்டாரு. ஸ்டோர்ஸ்ல வேலை, படப்பைக்காரர், கீபோர்டு வாசிப்பாரு, டீமுக்குத் தலைவரும் அவர்தான். கோவமே படாம சொன்னாரு.

"தம்பி, நாளைக்கும் இந்த வண்டு வந்துச்சுன்னு வெச்சிக்க, நீ கீழ குந்திக்கினு பாட்டு கேளு. பேஸை என் இடது கை பாத்துக்கும்."

என் மொத்த வேலையையும் இன்னொருத்தரோட இடது கை பாத்துக்குமாம். வலிச்சுது. லைன்ல நான் ஒரு எம்ப்ளாயி நம்பர். அந்த மேடைல மட்டும்தான் மைக்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அதுவும் போச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு?

சுங்குவார்சத்திரத்துல எங்க ரூம். கூட இருக்கிறவன் மாரி, திருநெல்வேலிக்காரன், மெயின்டனன்ஸ் ஃபிட்டர். லீவு நாள்னா மண்ணூர்ல இருந்து கஜாவும் வந்துடுவான். அவன் குவாலிட்டி டிபார்ட்மென்ட். வீட்டுல சாம்பார்ல உப்பு கம்மின்னாகூட ரிஜெக்ட் பண்ற ஆளு.

நான் கிடாரையும், மாரியோட செட்ல இருந்து திருகாணி முடுக்குற குட்டி அலன் கீயையும் எடுத்து வெச்சதுதான் தாமதம், கஜா கையை நீட்டித் தடுத்தான்.

"இரு ப்பா. மொதல்ல ரூட் காஸ் இன்னான்னு பாக்கணும். ஏன் சத்தம் வருது?"

"கம்பி உரசுது."

"ஏன் உரசுது?"

"உசரம் கம்மி."

"ஏன் கம்மியாச்சு?"

"நான் இறக்கினேன்."

கஜா மாரியைப் பாத்தான். "பிராப்ளம் ஆபரேட்டராண்ட கீது."

மாரி தலையாட்டினான். "ஏல, நீ இதத் தொடப்பிடாது. கடைக்குப் போயி பொரி, கடல, பூசணிக்கா வாங்கிட்டு வா. நாங்க பாத்துக்கிடுதோம்."

என் கிடாரை அட்ஜஸ்ட் பண்ண எனக்கு அனுமதி இல்லை. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். எந்த ஆடு இப்படி தானே நடந்து போய் மாலை வாங்கிட்டு வரும்னு தெரியலை.

நான் பூசணிக்காயோட திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. கஜா கம்பியைத் தட்ட, மாரி ஒவ்வொரு பட்டையா அழுத்திப் பிடிச்சிருக்கான். லேசா சத்தம் வந்தாலும் கஜா "என்ஜி", அதாவது 'நாட் குட்'னு சொல்லியிருக்கான். மாரி திருகை இன்னும் ஒரு சுத்து ஏத்தியிருக்கான்.

"ஜீரோ டிஃபெக்ட்" அப்படின்னான் கஜா. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் முடிச்ச முகம்.

அதோட விட்டானுங்களா? மாரி தன்னோட ஸ்பானர், கட்டிங் பிளேயர், அலன் கீ செட் எல்லாத்தையும் சாமி படத்துக்கு முன்னாடி வரிசையா அடுக்கியிருந்தான். நடுவுல என் கிடார், சந்தனம் குங்குமத்தோட, மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்துச்சு. கற்பூரம் காட்டினோம். பூசணிக்கா உடைச்சோம். பொரி சாப்பிட்டோம். நல்ல பூஜை.

அப்புறம்தான் கிடாரை எடுத்துக் கம்பியை அழுத்தினேன்.

இறங்கலை. இன்னொரு விரலையும் சேத்து அழுத்தினேன். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு சுண்டெலி குடும்பம் நடத்தலாம். மாரி விரல் தினமும் துருப்பிடிச்ச போல்ட்டோட மல்லுக்கட்டுற விரல். அதுக்கு இதெல்லாம் ஒரு அழுத்தமா?

"கஜா, இதை அழுத்தவே முடியலைடா."

"கம்ப்ளைன்ட் இன்னா குடுத்த? சத்தம்னு குடுத்த. இப்போ சத்தம் கீதா?"

"இல்ல."

"அப்போ கம்ப்ளைன்ட் க்ளோஸ்டு ப்பா."

மாரிகிட்ட அலன் கீ கேட்டேன். அவன் முகம் மாறிடுச்சு.

"பூஜ போட்டாச்சுல்லா? நாளைக்கி காலைலதான் எடுக்கணும். இன்னைக்கி அதுக்கு ரெஸ்ட்டு."

"அப்போ கிடாரும் பூஜைல வெச்சதுதானே? அதை மட்டும் எப்படி இன்னைக்கு வாசிக்கிறது?"

மாரி நிஜமாவே யோசிச்சான். கஜா யோசிக்கவே இல்லை. "அத்த எடுக்கலாம் ப்பா. தப்பே இல்ல. அதால இதுவரைக்கும் ஒரு வேலையும் நடந்ததில்ல."

வேற அலன் கீ தேடி ரோட்டுக்கு ஓடினேன். ஹார்டுவேர் கடைல பாதி ஷட்டர் இறக்கி, உள்ள ஊதுபத்தி வாசனை. "சாமிகிட்ட இருக்கு, நாளைக்கு வாங்க தம்பி"ன்னு கடைக்காரர் ஒரு பொட்டலம் பொரி குடுத்தாரு. பக்கத்துல பைக் மெக்கானிக். "ஸ்பானர் எல்லாம் படையல்ல கீது தல" அப்படின்னாரு. அவரும் பொரி. வாழைக்கன்னு கட்டின ஷேர் ஆட்டோவை நிறுத்தி, டிரைவர்கிட்ட டூல் பாக்ஸ் இருக்கான்னு கேட்டேன். பாக்ஸுக்கே மாலை போட்டு வெச்சிருந்தாரு. பொரி குடுக்க மறக்கலை.

சுங்குவார்சத்திரத்துல இருந்து ஒரகடம் வரைக்கும் எத்தனை கம்பெனி! கார் செய்யறான், போன் செய்யறான், டயர் செய்யறான். அத்தனை பேர் நடுவுல ஒரு குட்டித் திருகை இறக்க நாதி இல்லை. கை நிறைய பொரியோட ரூமுக்கு வந்தேன்.

சாயங்காலம் மேடை. மைக்ல என் பேரைச் சொன்னாங்க. வழக்கமா சந்தோஷமா இருக்கும். இன்னைக்கு ஏன்டா சொன்னாங்கன்னு இருந்துச்சு.

அழுத்தாம வாசிச்சா ஒரு கம்பிக்கு ஒரு சுரம். நாலு கம்பிக்கு நாலு சுரம். அவ்வளவுதான் என் கையிருப்பு. பாட்டுல அந்தச் சுரம் எங்கயாவது வந்தா ஒரு தட்டு. வரலைன்னா விரலைக் கம்பிக்கு மேல சும்மா ஓட்டிக்கிட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கிட்டு நின்னேன். உதட்டையும் கொஞ்சம் கடிச்சேன், கஷ்டப்பட்டு வாசிக்கிற மாதிரி தெரியட்டும்னு. முன்வரிசைல கஜா கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். சத்தம் இல்லையாம்.

ஸ்டீபன் அண்ணன் நடுநடுவுல திரும்பித் திரும்பிப் பாத்தாரு. முடிஞ்சுதுடா நம்ம கதைன்னு நினைச்சுக்கிட்டேன்.

கச்சேரி முடிஞ்சதும் நேரா என்கிட்ட வந்தாரு. நானே முந்திக்கிட்டேன். "அண்ணே, மன்னிச்சிடுங்க, இன்னைக்கு..."

"இன்னிக்குத்தான் தம்பி நீ பேஸ் வாசிச்சிக்கீற" அப்படின்னாரு. "எப்பவும் சந்துல பூந்து, பொந்துல பூந்து அடிப்ப. பாடுறவன் மூச்சு வுட முடியாது. இன்னிக்கு அவ்ளோ அடக்கம். பொங்கலுக்கும் நீதான்."

மனசு கேட்கலை. "அண்ணே, உண்மையைச் சொல்லிடறேன். முக்கால்வாசி நேரம் நான் வாசிக்கவே இல்லை."

என் தோள்ல தட்டினாரு. "அந்த எடமெல்லாம்தான் தம்பி ரொம்ப நல்லாருந்துச்சு."

இப்போ தினமும் ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்ததும், கிடாரை மடியில வெச்சுக்கிட்டு, வாசிக்காம இருக்கப் பிராக்டீஸ் பண்ணிக்கிட்டிருக்கேன்.