முக்கால் பாட்டில் கிராம்பு எண்ணெய்

இந்த வீட்டில் மீன் விஷயத்திலாவது என் பேச்சுதான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சமையல், சம்பளம், குழந்தை, என் சட்டையின் நிறம் எல்லாம் என் மனைவி வசம். மீனாவது எனக்கு மிஞ்சட்டும்!

பின்கட்டில் மூன்று தொட்டிகளில் மீன் வளர்க்கிறேன். நடுத்தொட்டி மீன்களுக்கு உடம்பெல்லாம் புண். ஆண்டிபயாடிக் பொடி கலந்தேன். கிருமிகள் அதைச் சத்துமாவாக எடுத்துக்கொண்டு கொழுத்தன.

"ரெண்டு பங்கா போட்டாத்தான் சரிப்படும்" என்றேன்.

"போட்டுப் போட்டுத்தான் மருந்துக்கு அடங்காம நிக்குது. அந்தத் தண்ணியிலதான் நம்ம குட்டி கையை விட்டு அளையறா. அவளுக்கு ஒட்டிக்கிட்டா அப்புறம் எந்த மருந்துங்க கேட்கும்?" குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "தீவனத்துல அஞ்சு சொட்டு கிராம்பு எண்ணெய் கலந்து பாருங்க. மீன் டாக்டர் சொன்னாரு."

"மீனுக்கென்ன பல்வலியா?"

பொடி பாக்கெட்டுகளைக் கடைக்கே திருப்பி அனுப்பினாள். மூன்றை மட்டும் ஒளித்துக் காப்பாற்றினேன். அவள் முக்கால் பாட்டில் கிராம்பு எண்ணெயை எடுத்து வைத்தாள்.

எண்ணெய் தீர்ந்தால் என் பொடிதானே கதி? அவள் குளிக்கப் போனதும், முக்கால் பாட்டிலையும் வாளித் தண்ணீரில் கலக்கி நடுத்தொட்டியில் ஊற்றினேன்.

ஐந்தே நிமிடம். ஒரு மீன் சாய்ந்தது. பிறகு பத்து. பிறகு தொட்டி முழுக்க வெள்ளை வயிறு.

ஈரத் தலையோடு, இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

"கொன்னுட்டேன்மா! அத்தனையும் போச்சு!"

தொட்டியை எட்டிப் பார்த்தாள். காலி பாட்டிலைப் பார்த்தாள். பதறவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"பிழைக்க வெச்சா?"

"நீ சொன்னபடி கேட்கறேன்!"

"பாக்கெட் எங்க?"

"எந்தப் பாக்..."

"நேரம் ஓடுது."

"ஷூவுக்குள்ள ரெண்டு. ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணு."

"டாக்டரைக் கேட்காம இனிமே மருந்து?"

"தொடமாட்டேன். உன் மேல சத்தியம்!"

"என் மேல வேண்டாம். குட்டி தலையில கை வெச்சுச் சொல்லுங்க."

வைத்தேன். குட்டி என் விரலைப் பிடித்துச் சிரித்தாள்.

"வலையை எடுங்க. எல்லாத்தையும் நல்ல தண்ணி டிரம்முக்கு மாத்துங்க. சீக்கிரம்!"

மாற்றினேன். ஒரு வால் அசைந்தது. இன்னொன்று. நான் அழுதேவிட்டேன்.

"சாகலைங்க, மயக்கம். கிராம்பு எண்ணெய் அதிகமானா மீன் மயங்கிடுமாம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அஞ்சு சொட்டுன்னு டாக்டர் சொன்னப்பவே கேட்டுட்டேன், மொத்தமா ஊத்தினா என்ன பண்ணறதுன்னு. உங்களைத் தெரியாதா எனக்கு?"